பிரிண்டரையே கேட்டிருக்கலாம்

அப்பா போன் செய்தால் முதல் இரண்டு நிமிடம் நலம் விசாரிப்பதிலேயே போகும். அப்புறம் ஒரு சின்ன இடைவெளி விடுவார். அந்த இடைவெளி வந்தாலே பிரிண்டர் விஷயம் என்று எனக்குத் தெரிந்துவிடும். "மறுபடியும் ஆஃப்லைன்னு வருதுப்பா" என்பார், தானே ஏதோ தப்பு செய்துவிட்ட மாதிரி தணிந்த குரலில். நானும் மனப்பாடமாக வைத்திருந்ததைச் சொல்வேன். பிரிண்டரை ஒரு தடவை அணைச்சுப் போடுங்க. ரூட்டரையும் அணைச்சுப் போடுங்க. கம்ப்யூட்டரை ரீஸ்டார்ட் பண்ணிட்டு அஞ்சு நிமிஷம் கழிச்சுப் பாருங்க. சில நாள் அதிலேயே சரியாகிவிடும். சில நாள் ஆகாது. ஆகாத நாளில் பிரிண்டரைப் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டு மறுபடி சேர்க்கச் சொல்வேன். எந்தப் பொத்தான், எந்தப் பெட்டி என்று போனிலேயே ஒவ்வொன்றாகச் சொல்லி, அவர் கண்ணாடியை மாற்றிப் போட்டுக்கொண்டு தேடி, அரை மணி நேரம் ஆகும். ஏழெட்டு மாதம் இப்படியே ஓடியது. பிறகு பிரிண்டர் பற்றிய போன் வருவது நின்றுபோனது. சரியாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

சரியாகவில்லை என்பது வீட்டுக்குப் போனபோதுதான் தெரிந்தது. பிரிண்டர் மேல் ஒரு துணியைப் போட்டு மூடி, அதன் மேல் பழைய செய்தித்தாள்களை அடுக்கி வைத்திருந்தார். என்ன ஆச்சு என்று கேட்டேன். "வேணாம் விடுப்பா. நான்தான் தெரியாம எதையோ அமுக்கிக் கெடுத்துட்டேன் போல. உனக்கு வேற வேலை இருக்கும்" என்றார். இந்த ஒரு வரிதான் என்னை விடாமல் துரத்தியது. இந்தக் கட்டுரையை எழுத வைத்ததும் அதுதான். ஒரு மனிதர் தன் வீட்டு மேசையில் இருக்கும் பொருளைத் தானே கெடுத்துவிட்டதாக நம்பி, அதை மூடி வைத்துவிட்டு, அதைப் பற்றிப் பேசவும் கூச்சப்பட்டிருக்கிறார். அப்படி நம்ப அவரிடம் இருந்த ஆதாரம், திரையில் வந்த ஒரே ஒரு சொல்.

அப்பாவுக்குப் பிரிண்டர் அவசியமானது. வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, தான் வேலை பார்த்த காலத்தைப் பற்றி எழுதிக்கொண்டிருக்கிறார். தானே தட்டச்சு செய்வார். ஆனால் திரையில் படித்துத் திருத்த அவருக்கு வராது. எழுத்தைப் பெரிதாக்கி அச்சடித்து, சிவப்புப் பேனாவால் அடித்துத் திருத்தி, பிறகு அந்தத் தாளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மறுபடி தட்டச்சு செய்வார். தாள் இல்லாவிட்டால் அடுத்த பக்கத்துக்குப் போகமாட்டார். ஆகவே பிரிண்டர் நின்றபோது எழுத்தும் நின்றிருக்கிறது. அதை அவர் சொல்லவில்லை. கோப்பு கடைசியாகச் சேமிக்கப்பட்ட தேதியைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

கம்ப்யூட்டரில் பிரிண்டர் பட்டியலைத் திறந்தால் ஒரே பெயர் நான்கு முறை இருந்தது. முதலாவது வெறும் பெயர். மற்றவை காப்பி 1, காப்பி 2, காப்பி 3. நான் போனில் சொல்லிச் சொல்லிச் சேர்க்க வைத்தவை அவை. நீக்கு என்று நான் சொன்ன போதெல்லாம் நீங்காமல் ஒட்டிக்கொண்டிருந்த பழையதும் அங்கேயே இருந்தது. போதாததற்கு, எது இயல்பான பிரிண்டர், அதாவது நாம் எதையும் தேர்ந்தெடுக்காதபோது அச்சு போய்ச் சேரும் பிரிண்டர், என்பதைத் தானே தீர்மானிக்கும் வேலையை விண்டோஸ் எடுத்துக்கொண்டிருந்தது. அந்த அமைப்பு இயங்கிக்கொண்டிருந்தால் கடைசியாக எதற்கு அச்சடிக்க அனுப்பினோமோ அதுவே அடுத்த முறைக்கும் இயல்பானதாகிவிடும். அப்பா எந்தப் பெயரைத் தொட்டாரோ அது நிலைத்துவிட்டது. காப்பி 1-இன் வரிசையைத் திறந்தேன். உள்ளே 14 வேலைகள் தேங்கி நின்றன. ஒவ்வொன்றின் பக்கத்திலும் அனுப்பிய நேரம் இருந்தது. காலை 5:40. 5:52. 6:15. மறுநாள் காலை 5:35. அதற்கு மறுநாளும் அதே மாதிரி. வீட்டில் மற்றவர்கள் எழுவதற்கு முன்னால் எழுந்து, தனியாக உட்கார்ந்து, வருகிறதா என்று திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறார்.

அந்தத் தாள்

வழக்கம்போல எல்லாவற்றையும் நீக்கிவிட்டுப் புதிதாகச் சேர்க்கத்தான் கையை வைத்தேன். பாதியில் நிறுத்தினேன். இத்தனை மாதமாக நாங்கள் செய்த எல்லாமே கம்ப்யூட்டர் பக்கம் நின்று செய்தவை. கம்ப்யூட்டர் சொன்னதைக் கேட்டோம், கம்ப்யூட்டரில் நீக்கினோம், கம்ப்யூட்டரில் சேர்த்தோம். புகார் முழுக்கப் பிரிண்டர் மேல். ஆனால் பிரிண்டரிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அணைத்துப் போட்டதைத் தவிர அதனிடம் நாங்கள் போனதே இல்லை.

வைஃபை உள்ள பிரிண்டர்களில் பெரும்பாலானவற்றால், தான் எந்த நிலையில் இருக்கிறது என்பதைத் தானே ஒரு தாளில் அச்சடித்துக் கொடுக்க முடியும். சிலவற்றில் 'ஐ' எழுத்துப் போட்ட பொத்தானை அழுத்த வேண்டும், சிலவற்றில் வைஃபை பொத்தானைச் சில விநாடிகள் பிடித்திருக்க வேண்டும், திரை உள்ளவற்றில் அமைப்புகளுக்குள் அறிக்கை என்ற பகுதியில் இருக்கும். கம்ப்யூட்டர் தேவையே இல்லை. செய்தித்தாள்களை எடுத்துவிட்டு, துணியை விலக்கி, மின்சாரம் கொடுத்துவிட்டு ஒரு நிமிடம் காத்திருந்தேன். பொத்தானை அழுத்திப் பிடித்தேன். உள்ளே உருளை சுற்றும் சத்தம் கேட்டது. தாள் ஒன்று மெல்ல வெளியே வந்தது.

அப்பா பக்கத்தில் வந்து நின்றார். தாளை வாங்கிப் பார்த்தார். "இது தானா அடிக்குதே" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "அப்போ இது கெட்டுப்போகலையா?" என்று கேட்டார். கெட்டுப்போகவே இல்லைப்பா என்றேன். அவர் முகத்தில் ஒரு சுமை இறங்கியதைப் பார்த்தேன். மாதக்கணக்கில் போனில் நான் கொடுத்த ஆலோசனைகள் எதனாலும் அந்தச் சுமையை இறக்க முடியவில்லை. ஒரு பொத்தானும் ஒரு தாளும் இறக்கிவிட்டன.

தாளில் இருந்தது இவ்வளவுதான். வைஃபையோடு இணைந்திருக்கிறது. வைஃபையின் பெயர், எங்கள் வீட்டுப் பெயர்தான். அலையின் வலிமை நன்று. ஐபி முகவரி, அதாவது வீட்டு வலைக்குள் அதற்குக் கிடைத்த எண், 192.168.1.12. கீழே மேக் முகவரி, கருவியோடு பிறந்த மாறாத அடையாளம், எழுத்துகளும் எண்களும் கலந்து பன்னிரண்டு. கம்ப்யூட்டரில் பிரிண்டரின் பண்புகளுக்குள் போய், அச்சு எந்த முகவரிக்குப் போக வேண்டும் என்று குறித்திருக்கும் போர்ட்கள் என்ற பக்கத்தைத் திறந்தேன். அங்கே 192.168.1.7 என்றிருந்தது. நான்கு பெயர்களிலும் அதே 7.

அவ்வளவுதான் கோளாறு. பிரிண்டர் 12-ஆம் எண்ணில் குடியிருக்கிறது. கம்ப்யூட்டர் 7-ஆம் எண் வீட்டுக் கதவைத் தட்டிக்கொண்டிருக்கிறது. உறுதி செய்துகொள்ள, உலாவியில் 192.168.1.12 என்று அடித்தேன். பிரிண்டரின் சொந்தப் பக்கம் திறந்தது. மை எவ்வளவு மிச்சம், எத்தனை பக்கம் இதுவரை அச்சடித்திருக்கிறது, நிலை: தயார். அதே நொடியில் பக்கத்துச் சாளரத்தில் விண்டோஸ் அதே பிரிண்டரை ஆஃப்லைன் என்று சொல்லிக்கொண்டிருந்தது.

அப்படியானால் 7-இல் யார் இருக்கிறார்கள்? பிங் செய்து, அதாவது அந்த எண்ணில் யாராவது இருக்கிறார்களா என்று கூப்பிட்டு, பார்த்தேன். பதில் வந்தது. யாரோ இருக்கிறார்கள். ரூட்டரின் பக்கத்துக்குள் போய், இணைந்திருக்கும் கருவிகளின் பட்டியலைப் பார்த்தேன். 192.168.1.7 அம்மாவின் போன். அப்பா அச்சடிக்கக் கொடுத்தபோதெல்லாம் கம்ப்யூட்டர் அம்மாவின் போனுக்குப் போய், 9100-ஆம் எண் வாசலைத் தட்டியிருக்கிறது. அச்சு வேலைகளை வாங்கிக்கொள்ளும் வாசல் அது. போனில் அந்த வாசலைத் திறக்க யாரும் இல்லை.

காரணத்தைத் தேடிப் போனால் அது என்னிடமே வந்து நின்றது. வீட்டு ரூட்டர்கள் டிஹெச்சிபி என்ற முறையில் ஒவ்வொரு கருவிக்கும் எண் கொடுக்கின்றன. அந்த எண் சொந்தமில்லை, குத்தகை. குறிப்பிட்ட காலத்துக்கு மட்டும் செல்லும். கருவி இணைந்தே இருந்தால் பாதிக் காலம் கழிந்ததும் புதுப்பித்துக்கொள்ளும். அதனால் பிரிண்டரும் ரூட்டரும் எப்போதும் இயங்கிக்கொண்டிருந்தால் எண் பெரும்பாலும் மாறாது. ஆனால் பல வீட்டு ரூட்டர்கள் யாருக்கு எந்த எண் கொடுத்தோம் என்ற குறிப்பைத் தற்காலிக நினைவில்தான் வைத்திருக்கும், அணைத்தால் மறந்துவிடும். எங்கள் வீட்டு ரூட்டரும் அப்படித்தான். மீண்டும் போட்டதும் முதலில் வருகிறவர்களுக்கு முதல் எண். பிரிண்டர் கண் விழித்து வைஃபையைத் தேடி இணைய நேரமாகும். போன் சட்டென்று வந்துவிடும். நான் என்ன சொன்னேன்? ரூட்டரையும் அணைச்சுப் போடுங்க என்று சொன்னேன். ஒவ்வொரு முறையும் எண்களைக் கலைத்துப் போட்டது என் ஆலோசனைதான். அதிர்ஷ்டமிருந்த நாளில் பிரிண்டருக்கே 7 திரும்பக் கிடைத்தது, அச்சு வந்தது. இல்லாத நாளில் வேறு எண் கிடைத்தது, ஆஃப்லைன். சில நாள் சரியாவதும் சில நாள் ஆகாததும் இதனால்தான். கோளாறைத் தீர்ப்பதாக நினைத்து, மாதக்கணக்கில் அதை நானே உண்டாக்கிக்கொண்டிருந்தேன். இதை எழுதும்போதும் எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது.

அதற்குப் பிறகு செய்ததில் பெரிய வித்தை ஒன்றுமில்லை. ரூட்டரில், முகவரி ஒதுக்கீடு என்ற இடத்தில், தாளில் இருந்த மேக் முகவரியை எழுதி, இந்தக் கருவி எப்போது வந்தாலும் 192.168.1.200 கொடு என்று பதிவு செய்தேன். இந்தக் குறிப்பு ரூட்டரை அணைத்தாலும் அழியாது. பிரிண்டரை மட்டும் ஒரு தடவை அணைத்துப் போட்டேன், புது எண்ணை வாங்கிக்கொண்டது. பிரிண்டரிலேயே எண்ணை நிரந்தரமாக எழுதி வைக்கிற வழியும் இருக்கிறது. எனக்கு அது பிடிக்காது. நாளைக்கு ரூட்டரை மாற்றினால், புது ரூட்டர் 192.168.0 என்று தொடங்கும் எண்களைக் கொடுத்தால், பழைய எண்ணைப் பிடித்துக்கொண்டிருக்கும் பிரிண்டரை அந்த வீட்டில் யாராலும் எட்ட முடியாது. எண் கொடுக்கும் அதிகாரம் ஒரே இடத்தில் இருப்பது நல்லது. பிறகு கம்ப்யூட்டரில் வேலைகள் தேங்கியிருந்த காப்பி 1-ஐ மட்டும் வைத்துக்கொண்டு மற்ற மூன்றையும் நீக்கினேன். அதன் போர்ட்டில் 7-ஐ எடுத்துவிட்டு 200 என்று எழுதினேன். இயல்பான பிரிண்டரை விண்டோஸே தீர்மானிப்பதை நிறுத்தினேன். ஸ்பூலரை, அதாவது அச்சு வேலைகளை வரிசைப்படுத்தி அனுப்பும் சேவையை, நிறுத்தி மீண்டும் தொடங்கினேன்.

தேங்கியிருந்த வேலைகளை அழித்துவிடலாம் என்று நினைத்திருந்தேன். அதற்குள் பிரிண்டர் தொடங்கிவிட்டது. முதல் தாள் வந்தது. மேலே பக்கம் 41 என்றிருந்தது. அடுத்த தாளும் பக்கம் 41. அதற்கடுத்ததும். அப்பா ஒவ்வொன்றாக எடுத்து அடுக்கினார். ஒன்றிரண்டில் மட்டும் எழுத்தின் அளவு வேறாக இருந்தது. எழுத்து பெரிதாக இருப்பதால்தான் வரவில்லையோ என்று மாற்றிப் பார்த்ததாகச் சொன்னார். ஒன்றில் முதல் பத்தியை மட்டும் அனுப்பியிருந்தார். பாரம் குறைந்தால் வருமோ என்று. தனக்குத் தெரிந்த எல்லாக் கோணத்திலும் முயன்றிருக்கிறார். பதினான்கு தாள்களும் வந்து முடியும்வரை இருவரும் பேசவில்லை.

ஆஃப்லைன் என்றால் என்ன

அன்றிலிருந்து இந்தச் சொல்லின் மேல் எனக்கு ஒரு கோபம் இருக்கிறது. ஆஃப்லைன் என்று படிக்கிறவருக்கு என்ன புரியும்? பிரிண்டர் அணைந்திருக்கிறது, அல்லது கெட்டுவிட்டது, அல்லது கம்பி கழன்றுவிட்டது. கம்ப்யூட்டருக்கு உண்மையில் தெரிந்தது அதைவிடக் குறைவு. நான் வைத்திருக்கும் முகவரியில் நான் எதிர்பார்த்த பதில் வரவில்லை. இவ்வளவுதான் அதற்குத் தெரியும். தன் பக்கத்துச் சேதியை அது எதிர்ப்பக்கத்தின் குறையாகச் சொல்கிறது. "192.168.1.7 என்ற முகவரியில் பிரிண்டர் இல்லை" என்று சொல்லியிருந்தால், அப்பா அந்த எண்ணை எனக்குப் படித்துக் காட்டியிருப்பார். முதல் போனிலேயே முடிந்திருக்கும்.

ஒரே சொல்லுக்குள் பல காரணங்கள் அடைபட்டிருக்கின்றன என்பதுதான் இதில் கொடுமை. முகவரி மாறியிருக்கலாம். முகவரி சரியாகவே இருந்தும், நிலையை விசாரிக்கும் எஸ்என்எம்பி என்ற முறைக்குப் பிரிண்டர் பதில் சொல்லாமல் இருக்கலாம்; போர்ட் அமைப்பில் அதற்கான ஒரு குறியை எடுத்துவிட்டால் சரியாகிவிடும். பிரிண்டரின் வரிசைச் சாளரத்தில் 'ஆஃப்லைனில் பயன்படுத்து' என்ற வரி எப்போதோ தவறுதலாகத் தேர்வாகியிருக்கலாம். கம்ப்யூட்டர் விருந்தினர் வைஃபையில் இருக்கலாம். விருந்தினர் வலையில் உள்ள கருவிகள் வீட்டுக் கருவிகளைப் பார்க்க முடியாதபடி ரூட்டர் பிரித்து வைப்பது வழக்கம். அலுவலக விபிஎன், அதாவது கம்ப்யூட்டரை அலுவலக வலையோடு இணைக்கும் தனிப்பாதை, இயங்கிக்கொண்டிருந்தால் வீட்டுக்குள் இருக்கும் பிரிண்டரையே அது மறைத்துவிடலாம். இத்தனைக்கும் வைத்தியம் வேறு வேறு. நோயின் பெயர் மட்டும் ஒன்று.

அலுவலகத்தில் பார்த்த ஒன்றை இங்கே சொல்லத் தோன்றுகிறது. 2021 செப்டம்பரில் விண்டோஸுக்கு ஒரு பாதுகாப்புப் புதுப்பிப்பு வந்தது. ஒரு கம்ப்யூட்டரில் இணைத்து மற்றவர்களோடு பகிர்ந்துகொள்ளும் பிரிண்டர்கள் உலகம் முழுக்கப் பல அலுவலகங்களில் திடீரென்று இணைய மறுத்தன. எங்கள் அலுவலகத்திலும். திரையில் வந்தது 11பி என்று முடியும் ஒரு பிழை எண். பார்க்கவே பயமுறுத்தும் எண்தான். ஆனால் அந்த எண்ணைத் தேடிய ஒரு மணி நேரத்துக்குள் காரணம் கிடைத்துவிட்டது. பிரிண்டரைப் பகிரும் கம்ப்யூட்டரோடு மற்றவை பேசும்போது இனிமேல் கூடுதல் கட்டுப்பாடு வேண்டும் என்று அந்தப் புதுப்பிப்பு விதித்திருந்தது. அதற்கு ஒத்துவராத கம்ப்யூட்டர்கள் வாசலிலேயே நிறுத்தப்பட்டன. அங்கே யாரும் தன்னைத் தானே குறை சொல்லிக்கொள்ளவில்லை என்பதை இப்போது நினைத்துப் பார்க்கிறேன். எண் ஒன்று இருந்ததால் அது வெளியிலிருந்து வந்த கோளாறு என்று எல்லோருக்கும் தெரிந்தது. எளிமையாக இருக்கட்டும் என்று மனிதர்களிடமிருந்து விவரத்தை மறைப்பது அவர்களுக்குச் செய்யும் உதவி என்று நான் இப்போது நம்பவில்லை.

பிரிண்டர் ஓரிடத்தில், மனிதர்கள் வேறிடத்தில் என்றால் நடுவில் சேதி சரியாக வர வேண்டும். இந்தச் சிக்கலுக்கு நாற்பது வயதுக்கு மேல் ஆகிறது. 1980 வாக்கில் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தின் செயற்கை நுண்ணறிவு ஆய்வகத்துக்கு ஜெராக்ஸ் நிறுவனத்தின் லேசர் பிரிண்டர் ஒன்று வந்தது. அதில் தாள் அடிக்கடி சிக்கும். பிரிண்டரோ வேறு மாடியில். அனுப்பியவர்கள் காத்திருந்து, போய்ப் பார்த்தால்தான் எதுவும் அச்சாகவில்லை என்று தெரியும். அங்கே வேலை பார்த்த ரிச்சர்ட் ஸ்டால்மன் முந்தைய பிரிண்டரின் நிரலைத் திருத்தி, தாள் சிக்கினால் காத்திருப்பவர்களுக்கெல்லாம் சேதி போகும்படி செய்து வைத்திருந்தார். புதிய பிரிண்டருக்கும் அதையே செய்ய நினைத்தார். அதன் மூல நிரல் கிடைக்கவில்லை; வைத்திருந்தவரிடம் கேட்டும் தரவில்லை. மூல நிரலை யாரும் பார்க்கலாம், திருத்தலாம் என்னும் கட்டற்ற மென்பொருள் இயக்கத்தைத் தொடங்கத் தன்னைத் தூண்டிய அனுபவங்களில் ஒன்றாக அதை அவர் சொல்லி வந்திருக்கிறார். 1983-இல் அதன் தொடக்கமாக, க்னூ என்ற கட்டற்ற இயங்குதளத்தை உருவாக்கும் திட்டத்தை அறிவித்தார். அந்தக் கதையைப் படிக்கும்போதெல்லாம் நான் நிற்கும் இடம் ஒன்று உண்டு. தாள் சிக்குவதை அவரால் நிறுத்த முடியாது. அது எந்திரத்தின் குணம். சிக்கியதை உரியவருக்குச் சொல்ல வேண்டும் என்பது மட்டுமே அவர் கேட்டது. அப்பாவுக்கும் அதுதான் தேவைப்பட்டது.

தங்கையின் பிரிண்டர்

இதற்கிடையில் தங்கை வீட்டில் ரூட்டரை மாற்றினார்கள். அவள் கெட்டிக்காரத்தனமாக, புது ரூட்டருக்குப் பழைய வைஃபை பெயரையும் பழைய கடவுச்சொல்லையுமே வைத்துவிட்டாள். போன், டிவி, எல்லாம் தாமாகவே வந்து சேர்ந்துகொண்டன. நான் எல்லோருக்கும் சொல்லும் யோசனை இது. பிரிண்டர் மட்டும் வரவில்லை. "அண்ணா, எல்லாம் கனெக்ட் ஆகுது, இது மட்டும் ஆகல. தூக்கிப் போட்டுட்டுப் புதுசு வாங்கிடட்டுமா?" என்று போன் செய்தாள்.

முன்பாக இருந்தால் அணைத்துப் போடச் சொல்லியிருப்பேன். இந்த முறை தாளை எடுக்கச் சொன்னேன். அவளுடைய பிரிண்டர் வைஃபை சோதனை அறிக்கை ஒன்றைத் தந்தது. ஒவ்வொரு படியாகச் சோதித்துத் தேர்ச்சியா தோல்வியா என்று எழுதியிருந்தது. வைஃபை இயங்குகிறது, தேர்ச்சி. பெயர் கண்ணில் படுகிறது, தேர்ச்சி. பாதுகாப்பு முறை பொருந்துகிறதா என்ற வரியில் தோல்வி. போனில் அந்த வரியை அவள் படித்ததுமே காரணம் கைக்கு வந்துவிட்டது. புது ரூட்டரில் டபிள்யூபிஏ 3 என்ற பாதுகாப்பு முறை மட்டும் என்று அமைத்திருந்தார்கள். அது 2018-இல் அறிமுகமான முறை. அவளுடைய பிரிண்டர் அதற்கும் முந்தையது. டபிள்யூபிஏ 2 மட்டுமே தெரியும். ரூட்டரில் இரண்டும் கலந்த முறைக்கு மாற்றினாள். சில நிமிடங்களில் பிரிண்டர் தானாகவே வந்து சேர்ந்தது. தூக்கிப் போடவிருந்த பிரிண்டர் அது.

பழைய பிரிண்டர்களில் இன்னொன்றையும் பார்க்க வேண்டியிருக்கும். பலவற்றுக்கு 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை மட்டுமே தெரியும். 5 கிகாஹெர்ட்ஸ் வேகமானது என்று யாராவது மற்றதை அணைத்துவிட்டால், அந்தப் பிரிண்டருக்கு வீட்டில் வைஃபை இருப்பதே தெரியாது. அதன் தாளில் பெயர் கண்ணில் படவில்லை என்று வரும். அதுவும் ஒரு விவரம்தான். எந்த வரியில் தோல்வி என்பது தெரிந்தால் எங்கே பார்ப்பது என்பதும் தெரிந்துவிடுகிறது.

அணைத்துப் போடுவதே தப்பு என்று நான் சொல்லவில்லை. ஸ்பூலர் சிக்கிக்கொண்டால், பிரிண்டரின் வைஃபை உறங்கிப்போய் எழாமல் கிடந்தால், அது உண்மையான வைத்தியம். ஏன் செய்கிறோம் என்று தெரியாமல் மூன்றையும் ஒன்றாக அணைத்துப் போடும்போதுதான், எது உடைந்திருந்தது என்பதற்கான தடயமும் அதோடு அழிந்துபோகிறது. அச்சு வந்துவிட்டால் நிம்மதி, அப்புறம் யார் தேடுவார்கள்? அடுத்த வாரம் அதே கோளாறு திரும்பும்போது கையில் ஒன்றும் இருக்காது. எனக்கு ஏழெட்டு மாதம் அப்படித்தான் போனது.

ஊருக்குக் கிளம்பும் முன் அப்பாவுக்கு அந்தத் தாளைப் படிக்கச் சொல்லிக் கொடுத்தேன். பார்க்க வேண்டியது இரண்டே வரி. வைஃபை பெயர் நம் வீட்டுப் பெயர்தானா? ஐபி முகவரி 200-இல் முடிகிறதா? மூன்றாவதாக ஒன்றை அவரே கேட்டார்: "வேற நம்பர் வந்தா?" 192.168 என்று தொடங்கி வேறு எதிலாவது முடிந்தால் என்னைக் கூப்பிடுங்கள் என்றேன். 169.254 என்று தொடங்கினால், ரூட்டரிடமிருந்து அதற்கு எண்ணே வரவில்லை என்று பொருள். எண் கேட்டுப் பதில் வராத கருவி தனக்குத் தானே வைத்துக்கொள்ளும் எண் அது. அவர் எல்லாவற்றையும் சிவப்புப் பேனாவால் அந்தத் தாளின் ஓரத்திலேயே எழுதி, மடித்து, பிரிண்டரின் தாள் தட்டுக்கு அடியில் வைத்துக்கொண்டார்.

நான்கு மாதம் கழித்து ஒரு காலையில் போன் வந்தது. நலம் விசாரிப்பு முடிந்தது. அந்தச் சின்ன இடைவெளி வந்தது. "பிரிண்டர் வரல" என்றார். குரல் தணிந்திருக்கவில்லை. "ராத்திரி கரண்ட் போயிட்டு வந்துச்சு. தாள் எடுத்துப் பார்த்துட்டேன். வீட்டுப் பேரு சரியா இருக்கு. நம்பர் 169.254-ல ஆரம்பிக்குது. ரூட்டர் முழுசா எழுந்திரிக்கிறதுக்கு முன்னாடியே இது போய்க் கேட்டிருக்கும், இல்லையா?"

ஆமாப்பா, அப்படித்தான் இருக்கும் என்றேன்.

"அப்போ ரூட்டரைத் தொட வேணாம். இதை மட்டும் அணைச்சுப் போடறேன். லைன்லயே இரு."

பொத்தான் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு உருளை சுற்றும் சத்தம், தாள் விழும் சத்தம். "இருநூறு" என்றார். மறுபடி உருளை சுற்றியது. அது என்ன என்று கேட்டேன். "அறுபத்தி மூணாம் பக்கம். ராத்திரியே அனுப்பி வச்சது. சரி, நான் வைக்கிறேன், இதைத் திருத்தணும்" என்று வைத்துவிட்டார்.